ஏழரை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அண்ணாச்சி!

வயது நாற்பத்திரண்டு. இருபது வருடச் சர்வீஸ். உங்களுக்குக் கீழே முப்பது பேர், மேலே இரண்டே நாற்காலி. அதில் ஒன்றில் போன மாதம் வந்து உட்கார்ந்தவர் உங்களைவிட ஒன்பது வயது இளையவர். "எல்லாம் எம்.பி.ஏ. பண்ணுற வேலை" என்று இலத்தூர் விலக்கில் டீக் கிளாஸைப் பிடித்தபடி பொருமுகிறீர்கள். பொருமுங்கள், அண்ணாச்சி. ஆனால் டீ ஆறுவதற்குள் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். அந்த எம்.பி.ஏ.வை நீங்கள் படிக்க வேண்டாம் என்று யார் கையைப் பிடித்தார்கள்?

"வயசாயிட்டு." "இனி புள்ளைக படிக்கட்டும்." "நமக்கு நேரம் சரியில்ல."

மூன்றாவது பதிலுக்கு இந்த ஊரில் தனி மரியாதை. மதுநாதசுவாமி கோயில் சனீஸ்வரரைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கும்பிடுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஏழரை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. பெரும்பாலும் இரண்டு வருடம். ஏழரை வருடத்தில் மூன்று பட்டம் வாங்கிவிட்டு, மிச்சம் ஒன்றரை வருடம் குற்றாலத்தில் குளிக்கலாம்!

வயதுதான் தடையா? இந்தப் படிப்பில் சங்கதியே தலைகீழ். கல்லூரி முடித்த கையோடு வருகிற பையனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வேலை பார்த்த வருடங்கள்தான் உள்ளே போகிற சீட்டு. உலகின் முதல் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.வை சிகாகோ பல்கலைக்கழகம் 1943-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த வருடம் அது. குண்டு விழுகிற காலத்தில் வேலைக்கு நடுவே பாடம் படிக்க ஆள் கிடைத்தார்கள். நமக்கு மட்டும் கார்த்திகை கழியணும், தை பிறக்கணும், மூத்தவள் பத்தாம் வகுப்பு முடிக்கணும்.

இனிக் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். உங்களை மேலாளர் ஆக்கியது உங்கள் வேலைத் திறமை. மேலாளர் ஆன பிறகு தேவைப்படுவது வேறு திறமை. அதை யாரும் சொல்லித்தரவில்லை, நீங்களும் கேட்கவில்லை. தென்காசி வட்டாரத்துச் செங்கல் சூளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சீசனில் கல் அத்தனையும் விற்றாகிவிட்டது, நோட்டில் லாபம் நிற்கிறது. ஆனால் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் காசு இல்லை. ஏன்? விற்றது கடனுக்கு, விறகும் மண்ணும் வாங்கியது ரொக்கத்துக்கு. லாபம் வேறு, கையில் புழங்கும் பணம் வேறு. நிதி மேலாண்மை வகுப்பில் முதலில் தலையில் அடித்துச் சொல்லித்தருவது இதைத்தான். இது தெரியாமல் ஆர்டரைப் பெருக்கியே நொடித்துப்போன முதலாளிகளை உங்களுக்கும் தெரியும், பெயர் சொல்ல வேண்டாம். அரிசி ஆலை, பீடிக் கம்பெனி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் இதே பாடம்தான். வங்கி மேனேஜர் பேலன்ஸ் ஷீட்டைத் திருப்பிக் காட்டும்போது ஆடிட்டர் முகத்தைப் பார்க்கிறீர்களே, அந்த ஒரு நிமிடத்துக்காகவாவது படிக்க வேண்டாமா?

"இருபது வருட அனுபவம் இருக்கு" என்பீர்கள். இருக்கட்டும். தூர்வாராத குளத்தில் அதே மழைதான் பெய்கிறது, தண்ணீர் மட்டும் வருடா வருடம் குறைவாக நிற்கிறது.

டி.என்.சேஷன் என்ற பெயரைத் தேர்தல் ஆணையத்தோடு சேர்த்துத்தான் நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய கதையைப் பாருங்கள். 1955 தொகுதி ஐ.ஏ.எஸ்., தமிழ்நாட்டுப் பிரிவு. போக்குவரத்துத் துறை இயக்குநராகச் சென்னையில் இருந்தபோது, "பஸ் ஓட்டத் தெரியாத உங்களுக்கு எங்க கஷ்டம் எப்படிப் புரியும்?" என்று ஓர் ஓட்டுநர் கேட்டாராம். மனுஷர் பணிமனைக்குப் போய் எஞ்சினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டார், பயணிகளோடு பஸ்ஸையும் ஓட்டினார் என்பார்கள். பிறகு மதுரைக்குக் கலெக்டர். ஒரு மாவட்டமே கைகட்டி நிற்கிற பதவி. நம்மில் எத்தனை பேர் அதற்குப் பிறகும் புத்தகத்தைத் தொடுவோம்? அவர் மேசன் ஃபெல்லோஷிப் பெற்று ஹார்வர்டுக்குப் போனார். அங்கே மாணவராக உட்கார்ந்து 1968-இல் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார். அப்போது முப்பத்தைந்தை ஒட்டிய வயது. ஓட்டுநரிடமும் பாடம் கேட்டவர், பேராசிரியரிடமும் பாடம் கேட்டவர். 1990-இல் தலைமைத் தேர்தல் ஆணையர் நாற்காலியில் உட்கார்ந்தபோது நாடு பார்த்தது அந்த மனிதரைத்தான். அது வகுப்பறை மட்டும் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதவி வந்த பிறகும் மாணவனாக உட்காரக் கூசாத மனம் அவரிடம் இருந்தது. நம்மிடம் இல்லாமல் போனது அதுதான்.

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த பாலா பாலச்சந்திரன், அமெரிக்காவின் கெல்லாக் நிர்வாகக் கல்லூரியில் முப்பது வருடம் போல் பாடம் நடத்தியவர். சென்னையில் கிரேட் லேக்ஸ் நிர்வாகக் கல்லூரியை 2004-இல் தொடங்கியபோது அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. நீங்கள் நாற்பத்திரண்டில் மூட்டு வலி பேசுகிறீர்கள்.

இந்த இடத்தில் தென்காசிக்காரர் ஒருவர் எழுந்து நிச்சயம் கேட்பார்: "மத்தளம்பாறையில ஸோஹோக்காரங்க டிகிரியே கேக்க மாட்டாங்க. நீங்க என்னன்னா டிகிரி வாங்கச் சொல்லுதீய?" நியாயமான கேள்வி. ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பட்டத்தின் மேல் உள்ள மோகத்தை விடாமல் சாடுகிறவர். ஆனால் அங்கே நடப்பதை உற்றுப் பாருங்கள். ஸோஹோ ஸ்கூல்ஸ் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கிறது. அவர்கள் காகிதத்தை வேண்டாம் என்றார்கள், படிப்பை வேண்டாம் என்று எப்போது சொன்னார்கள்? வேம்பு பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதையும் மறக்க வேண்டாம். காகிதத்தை மட்டும் வாங்கிச் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்படுகிறவருக்கு நானும் இதையே சொல்வேன்: பேசாமல் அந்தப் பணத்தை வங்கியில் போடுங்கள்.

ஏனென்றால் கட்டணம் லட்சக்கணக்கில் வரும். பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு விற்கிற ஆறு மாத ஆன்லைன் சான்றிதழையும் பட்டத்தையும் குழப்பிக்கொண்டு ஏமாறாதீர்கள். ஐ.ஐ.எம்.களே முதலில் டிப்ளமாதான் கொடுத்தன. 2018 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த ஐ.ஐ.எம். சட்டம்தான் அவற்றுக்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது. சேருமுன் தரப்போவது பட்டமா, டிப்ளமாவா, சான்றிதழா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைநிலை, ஆன்லைன் என்றால் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கையில் அத்தனை பணம் இல்லையா? இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் மிகக் குறைந்த கட்டணத்தில் எம்.பி.ஏ. நடத்துகின்றன. பக்கத்து இருக்கை சகாக்களின் உரசல் அங்கே குறைவு, பாடம் குறைவில்லை.

"நாம இருக்கிறது பட்டிக்காடு" என்பது கடைசிச் சாக்கு. அதற்கும் ரயில் இருக்கிறது. திருச்சி ஐ.ஐ.எம். வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பைச் சென்னையில் வார இறுதிகளில் நடத்துகிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. உண்டு. செங்கோட்டையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர், ஞாயிறு இரவு திரும்பி ஏறினால் திங்கள் காலை ஊர். கோழிக்கோடு ஐ.ஐ.எம்.முக்குக் கொச்சியில் வளாகம் இருக்கிறது. பாலருவி எக்ஸ்பிரஸ் ராத்திரியோடு ராத்திரியாக மலையைக் கடந்து அங்கே கொண்டுபோய் விடும். சபரிமலைக்கும் திருப்பதிக்கும் இதைவிடக் கஷ்டப்பட்டுப் போய்வந்த உடம்புதானே?

இரண்டு சீசன் சாரல் போகும். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களில் மொய்யை வேறொருவர் எழுத வேண்டி வரும், சொந்தக்காரர்கள் முறுக்கிக்கொள்வார்கள். வீட்டில் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இரண்டு வருடம் வீட்டு பாரம் யார் தோளில் கூடுதலாக விழும் என்று வெளிப்படையாகச் சொல்லி, சம்மதம் வாங்குங்கள். அக்காமார்களே, அண்ணாச்சி அண்ணாச்சி என்று எழுதுவதால் உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தலைமைச் செவிலியர், தலைமையாசிரியை, வங்கிக் கிளை மேலாளர் என்று ஏற்கெனவே ஆளை நடத்திக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். அந்தச் சம்மதத்தை ஆண்கள் உங்களுக்குத் தருவார்களா என்று இந்த ஊர் இனி பதில் சொல்லட்டும்.

இன்று ராத்திரி பீரோவைத் திறந்து டிகிரிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வெளியே எடுங்கள். காணவில்லையா, நகலுக்கு நாளைக்கே விண்ணப்பம் போடுங்கள். திங்கட்கிழமை எச்.ஆர். முன்னால் போய் நின்று அனுபவச் சான்று கேளுங்கள். கையோடு, கட்டணத்தில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்குமா, வெள்ளி மாலை கொஞ்சம் முன்னால் விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள், பாதிப்பேர் அதிலேயே இறங்கி வருவார்கள். பொதிகையில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். கீழ் பெர்த் சீக்கிரம் தீர்ந்துபோகும், அண்ணாச்சி.