இரண்டு எழுத்தும் ஒன்பது தீவும்

2002-இல் எலிசபெத் மகாராணி ஒரு வழக்கில் தோற்றார். எதிர்த்தரப்பு ஓர் அமெரிக்க நிறுவனம். நியூசிலாந்து.காம் என்ற இணைய முகவரி யாருக்கு என்பதே வழக்கு. நியூசிலாந்து அரசுக்காக அரசியின் பெயரில் உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போன முறையீடு அது. நாட்டின் பெயர் வணிக முத்திரை ஆகிவிடாது என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள். மறு ஆண்டு அந்த அரசு பத்து லட்சம் நியூசிலாந்து டாலர் கொடுத்துத் தன் பெயரைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பெயருக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்ற பழைய சண்டை இதற்குள்ளே இருக்கிறது. சொல்லும் பொருளும் என்றென்றும் பிணைந்தவை, அந்தப் பிணைப்பை யாரும் உண்டாக்கவில்லை என்றார்கள் மீமாம்சகர்கள். நியாய மரபினர் ஒப்பவில்லை. இதை இப்படிச் சொல்வது என்ற ஏற்பாட்டால் வந்ததே பெயர் என்றார்கள். தமிழ் இலக்கணம் சண்டையில் இறங்காமல் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

இணையம் இடுகுறியின் பக்கம். நாடுகளுக்கான இரண்டெழுத்து முகவரிகளை வகுக்கும்போது, எது நாடு, எது நாடல்ல என்ற வம்பே வேண்டாம் என்று சர்வதேசத் தர அமைப்பின் ஆயத்தப் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். அதில் பசிபிக்கின் துவாலுவுக்கு 'டிவி' விழுந்தது. கரீபியனின் அங்குவிலாவுக்கு 'ஏஐ'. இரண்டும் குருட்டு அதிர்ஷ்டம்தான். 2000-இல் துவாலு தன் எழுத்துகளைப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து கோடி டாலர் தரும் ஒப்பந்தத்தில் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விட்டது. வந்த பணம் கைகொடுக்க, அதே ஆண்டு ஐ.நா.வின் 189-வது உறுப்பினரானது. செயற்கை நுண்ணறிவு மோகம் கிளம்பிய 2023-இல் அங்குவிலாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3.2 கோடி டாலர். அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்குவிலா எங்கே இருக்கிறது என்று தெரியும்? ஊர் நினைவுக்கு வராமல் இருப்பதில்தான் அந்த எழுத்துகளின் விலையே இருக்கிறது.

இதுவரை யாருக்கும் நட்டமில்லை. 'ஐஓ'வின் கதை அப்படியல்ல. கணினிக்காரர்களுக்கு அது உள்ளீடு, வெளியீடு. புதுத் தொழில் தொடங்குகிறவர்கள் விரும்பி வாங்கும் முகவரி. பட்டியலில் அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதி, அதாவது சாகோஸ் தீவுகள். ஆப்பிரிக்க அடிமைகளும் இந்தியத் தோட்டக் கூலிகளும் பெற்ற சந்ததி அங்கே வாழ்ந்தது. டியாகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைக்க, 1973-க்குள் அத்தனை பேரையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டது பிரிட்டன். ஊர் சிரித்தது என்றால் மண் சிரித்ததாக நாம் பொருள் கொள்வதில்லை. ஊர் அங்கே மக்களுக்கு ஆகிவந்த பெயர். சாகோஸில் ஆகுபெயருக்கு ஆளே இல்லை, எழுத்து மட்டும் கடை விரித்திருக்கிறது. 2025 மே மாதம் தீவுகளை மொரீஷியசுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, முகவரி வாங்கியவர்களுக்கு வேறு கவலை: தனிப் பகுதி என்பது போனால் பட்டியலிலிருந்து 'ஐஓ'வும் போகலாம். யூகோஸ்லாவியாவின் 'ஒய்யூ' 2010-இல் அப்படித்தான் நீக்கப்பட்டது.

அப்படியானால் ஊர்ப்பெயர் ஊராருக்கே சொந்தம் என்று தீர்ப்பெழுதிவிடலாமா? அமேசான் குறுக்கே வருகிறது. 2012-இல் அமேசான் நிறுவனம் தன் பெயரையே முகவரியின் கடைசிச் சொல்லாகக் கேட்டபோது, பிரேசிலும் பெருவும் அது எங்கள் ஆற்றின் பெயர் என்று மறித்தன. பல ஆண்டு இழுபறிக்குப் பின் நிறுவனமே வென்றது. ஆனால் அந்த ஆற்றுக்கு அமேசான் என்பது கரையில் வாழ்ந்தவர்கள் இட்ட பெயரல்ல. கிரேக்கக் கதைகளின் போர்ப்பெண்களை நினைத்து ஸ்பானியர்கள் வைத்தது. வழக்காடிய இரு தரப்புமே இரவல் சொல்லுக்குத்தான் உரிமை கேட்டன.

வணிகம் பெயரை இடுகுறியாக எடுத்துக்கொள்வது பாவமில்லை என்றே தோன்றுகிறது, அந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அதில் பங்கு போகும்வரை. அங்குவிலாவுக்கும் சாகோஸுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

துவாலுவில் இப்போது கேள்வி தலைகீழாகிவிட்டது. கடல் ஏறுகிறது, அங்கே ஐந்து மீட்டர் உயரத்தைத் தொடும் மேடுகூடக் கிடையாது. 2021-இல் அதன் வெளியுறவு அமைச்சர் முழங்கால் அளவு நீரில் நின்று உலகத்தோடு பேசினார். 2023-இல் திருத்திய அரசியல் சாசனம், நிலம் போனாலும் நாடு நாடாகவே இருக்கும் என்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள பிணைப்பு அறாது என்ற மீமாம்சகர்களின் பிடிவாதத்தை ஒரு சின்ன நாடு சட்டமாக்கிக்கொண்டிருக்கிறது.

துவாலு என்ற சொல்லுக்கு எட்டும் சேர்ந்து நிற்பது என்று பொருள். தீவுகளோ ஒன்பது. நியூலாகிட்டா என்ற ஒன்றில் முற்காலத்தில் நிலையாக யாரும் குடியிருக்கவில்லை. அதனால் அதைச் சேர்க்கவில்லை. மண்ணை எண்ணாமல் குடியை எண்ணி வைத்த பெயர் அது.