சலாகையும் வாக்குச் சீட்டும்





தர்மக் கூட்டத்தில் தேர்தலைப் பற்றிப் பேசலாகுமா என்று ஜீவனஹள்ளி அன்பர் சிலர் நம்மை வினவினர். அரசியல் அழுக்குடையது, தர்மம் தூயது, இரண்டும் ஒட்டா என்பது அவர்கள் எண்ணம். பகவன் புத்தர் அவ்வாறு பிரித்தாரில்லை என்பதே நமது விடை.

விநய பிடகத்தின் சுல்லவக்கத்தைக் காணுங்கள். சங்கத்தில் எழுந்த பிணக்கு சமாதானத்தால் தீராதவிடத்து, பெரும்பான்மையோர் கருத்தை அறியும் பொருட்டுச் சலாகை என்னும் சிறு குச்சிகள் பிக்குகளுக்கு வழங்கப்பட்டன. மறைவாகக் கருத்தறியும் முறையில் இரு தரப்புக்கும் வெவ்வேறு நிறச் சலாகைகள் இருந்தன. எடுத்ததை எவர்க்கும் காட்டற்க என்று ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டது. 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், பாராளுமன்ற நடைமுறைகள் பிக்கு சங்கத்தில் விளங்கியதை எடுத்துக் காட்டினார். ஒருமுறை இழந்த அந்த ஜனநாயகத்தை இந்நாடு மீண்டும் இழக்குமோ என்று கவலையும் கொண்டார்.

இவ்வுரிமை நம்மவர்க்கு எளிதில் வந்ததன்று. உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையைப் பலரும் புகழ்கின்றனர். ஆயினும் அக்குடத்தில் பெயர் இடம்பெற நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை. வயது வந்த அனைவர்க்கும் வாக்கு வேண்டும் என்று 1928இல் சைமன் கமிஷன் முன் வற்புறுத்தியவர் பாபாசாகேப். 1951–52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் ஏறக்குறைய 17 கோடி மக்கள் வாக்காளராயினர். அக்காலத்தில் நாட்டில் ஐவருள் ஒருவர்கூட எழுத்தறியார். ஆயினும் பண்ணையாருக்கும் ஒரு வாக்கு, பண்ணையாளுக்கும் ஒரு வாக்கு!

அவ்வாக்கை எங்ஙனம் அளிப்பது? சலாகை வழங்கும் பிக்கு ஆசை, பகை, மயக்கம், அச்சம் ஆகிய நான்கின் வழிச் செல்லாதவராய் இருத்தல் வேண்டும் என்பது விதி. இந்நான்கையே சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கும் தீநெறிகள் என்று பகவன் உபதேசித்தார். ஆகவே இவை நமக்கும் உரியன.

ஆசை யாது? தேர்தலுக்கு முந்திய இரவில் தெருக்களில் நடமாடும் சேலையும் பாத்திரமும் பணமும் ஆம். பசித்தவனை நாம் பழிக்கவில்லை. ஆனால் சேலை ஓராண்டில் கிழியும். அடைபட்ட சாக்கடை ஐந்தாண்டும் நாறும். கொடுப்பவரோடு வாங்குபவரையும் சட்டம் குற்றவாளி என்றே கொள்கிறது. பகை என்பது, அயல் சாதியான், அயல் மொழியான், அயல் மதத்தான் தோற்கவேண்டும் என்பதற்காகவே வாக்களிப்பது. அச்சம் என்பது, நாம் யாருக்கு வாக்களித்தோம் என்பதை முதலாளி அறிந்துகொள்வான் என நடுங்குவது. மறைவு வாக்கு அந்நடுக்கத்துக்கு மருந்து. மயக்கம் என்பது, ஒரு தலைவரைக் கடவுளாக்கி அவர் சொல்லே வேதம் என்பது. மதத்தில் பக்தி முக்திக்கு வழியாகலாம், அரசியலில் அது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழி என்று அம்பேத்கர் அதே உரையில் எச்சரித்தார்.

பொதுஜன அபிப்பிராயம் என்பதும் ஆராயத்தக்கது. பலர் சொல்வதால் ஒன்று மெய்யாகிவிடாது. கேள்விப்பட்டதென்றோ, வழிவழி வந்ததென்றோ, ஆசிரியர் சொன்னாரென்றோ நம்பற்க எனக் காலாமருக்குப் பகவன் அருளிய மொழி, கைப்பேசியில் நாள்தோறும் பரவும் வதந்திகளுக்கும் பொருந்தும். நூறு பேர் அனுப்பினும் பொய் பொய்யே. பெரும்பான்மையும் தவறக்கூடும், ஆதலினன்றோ அடிப்படை உரிமைகளை அரசியல் சட்டத்தில் பொறித்துவைத்தனர்.

வாக்களித்துவிட்டு உறங்குவதும் தகாது. வஜ்ஜியரை வெல்லக் கருதிய அஜாதசத்துருவின் அமைச்சன் வந்தபோது, அவர்கள் அடிக்கடி கூடி, ஒற்றுமையாய்க் கலந்து ஆலோசிக்கும்வரை அவர்களுக்குத் தாழ்வில்லை, வளர்ச்சியே உண்டு என்றார் பகவன். நம் பெங்களூரை நோக்குங்கள். 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் தேர்தலின்றி அதிகாரிகளே நகரை ஆண்டனர். 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. அவ்வைந்தாண்டில் தண்ணீர்க் குழாயைப் பற்றி முறையிட நம் தெருவுக்கென ஓர் உறுப்பினர் இருந்தாரில்லை. அதை எத்தனை பேர் உணர்ந்தோம்? எத்தனை பேர் கேட்டோம்? கூடாத மன்றத்தைக் காட்டிலும், கூடவில்லையே என்று கேளாத மக்களே வஜ்ஜியர் நெறிக்கு மாறானவர்.

ஆதலின் அன்பர்களே, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் உங்கள் இல்லத்துப் பெண்மக்கள் பெயரும் உள்ளனவா என இவ்வாரமே பாருங்கள். பதினெட்டு நிறைந்த பிள்ளைகளின் பெயரைச் சேருங்கள். வாக்களிக்கச் செல்லும் காலையில் சற்றே அமர்ந்து, ஆசையா, பகையா, அச்சமா, மயக்கமா என்று உள்ளத்தை வினவுங்கள். நான்கும் இல்லை என்று உள்ளம் விடை கூறுமாயின், அஞ்சாது செல்லுங்கள். அன்று நீங்கள் கையில் ஏந்துவது பழைய சங்கத்தின் சலாகையே ஆகும்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க.