எண் கூடினால் தகடு மெலியும்

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு மரச்சாமான் கடை. முன்னால் கட்டிலும் பீரோவும் நாற்காலியும் நிற்கும். பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு ஆசாரிமார் வேலை செய்வார்கள். கடை அவ்வளவுதான். மகள் கல்யாணத்துக்குச் சீர்ச்சாமான் எடுக்க வந்த ஒருவர் ஸ்டீல் பீரோக்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எத்தனை கேஜ்?”

“இது இருபது. அந்தா, அது இருபத்திரண்டு.”

“அப்போ இருபத்திரண்டையே எடுத்துக்கிடுதேன். கெட்டியாவும் இருக்கு, விலையும் கம்மியா இருக்கு.”

கடைக்காரர் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருந்தால் பொய் சொன்னதாக ஆகாது. வாங்குபவர் தானாகத் தப்பாகப் புரிந்துகொண்டார். அதற்கு விற்பவர் பொறுப்பில்லை என்று வாதாடக்கூட முடியும். அவர் பேசினார். “அண்ணாச்சி, நம்பர் கூடக்கூடத் தகடு மெலிசு. இருபதுதான் கெட்டி.”

இருபது கேஜ் தகடு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், இருபத்திரண்டு 0.7. பெயின்ட் அடித்த பிறகு கையால் தடவி அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. வந்தவர் சற்று நேரம் நின்றார், மனசுக்குள் கணக்குப் போட்டார், கடைசியில் இருபத்திரண்டையே எடுத்தார். கைக்காசு அதற்குத்தான் எட்டியது. கனமான சாமானைக் கீழ்த்தட்டில் வைக்கவும், கதவை அறைந்து சாத்தாமல் இருக்கவும் கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

வாங்கிப் போனது மெலிந்த தகடுதான். ஆனால் தெரிந்து வாங்கினார். நாளை அந்தக் கதவு சற்று நெளிந்தால், ‘அன்னைக்கே சொன்னாரே’ என்றுதான் அவருக்குத் தோன்றும். சொல்லாமல் விட்டிருந்தால், அதே நெளிவு ‘ஏமாத்திட்டான்’ என்ற சொல்லாக அந்த வீட்டில் இருபது வருஷம் நின்றிருக்கும். பீரோவில் எந்த மாற்றமும் இல்லை. வாங்கியவர் மனசில் அதைப் பற்றி முன்கூட்டி விழுந்த எண்ணம் ஒன்றுதான் மாறியது.

இதை ஆராய்ச்சியாகச் செய்து எழுதியவர் உண்டு. 1980இல் அமெரிக்கச் சந்தையியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிவர், வாடிக்கையாளரின் திருப்தி பொருளின் தரத்தை மட்டும் பொறுத்ததல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது என்று விளக்கினார். எதிர்பார்ப்பைத் தாண்டிக் கிடைத்தால் மகிழ்ச்சி, குறைந்தால் மனக்கசப்பு. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இதிலிருந்து ஒன்று பிறக்கிறது: எதிர்பார்ப்பை விதைப்பது விளம்பரம். ஆக, வாடிக்கையாளர் பின்னால் படப்போகும் மனக்குறையின் அளவைக் கடைக்காரர் பொருளை விற்பதற்கு முன்பே, தன் வாயாலும் தன் போர்டாலும் தீர்மானித்துவிடுகிறார். ஒவ்வொரு விளம்பரச் சொல்லும் வாங்குபவரிடம் வாங்கிய கடன். பெரிய கம்பெனி அந்தக் கடனைத் திருப்பாமல் அடுத்த ஊருக்குப் போய்விடலாம். சின்னக் கடைக்காரர் மறுநாள் அதே ஆளை டீக்கடையில் பார்த்தாக வேண்டும்.

தேக்கு என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் அது மரத்தின் பெயர் மட்டுமல்ல, அந்தஸ்தின் பெயரும்கூட. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கால் ஆனவை. அந்தப் பெருமை இன்னும் நம் காதில் இருக்கிறது. மியான்மர் அரசு முழு மரத்தடிகளின் ஏற்றுமதியை 2014இல் நிறுத்தியது. அதன்பின் அறுத்த மரமாக வருவது உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் தோப்புத் தேக்கு நிறைய வருகிறது. கடைப் போர்டுகளில் மட்டும் ‘பர்மா தேக்கு’ குறையவே இல்லை.

அதைவிட முக்கியம், ஒரே மரத்துக்குள் இருக்கும் வித்தியாசம். நடுவில் இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளிறு. இளசாக வெட்டிய மரத்தில் வெளிறு அதிகம், பூச்சி அரிப்பதும் அங்கேதான். ஆனால் வெளிறும் தேக்குதான். சாயம் ஏற்றி பாலிஷ் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே நிறம். ‘தேக்கு’ என்று பில்லில் எழுதினால் பொய்யே இல்லை. மூன்றாவது வருஷம் கட்டில் சட்டத்துக்குக் கீழே மாவு கொட்டும்போதுதான் அந்த உண்மை எப்படிப்பட்டது என்று தெரியும்.

‘டீக் ஃபினிஷ்’ இன்னொரு வகை. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டின் மேல் தேக்கின் ரேகை அச்சடித்த தாளை ஒட்டியிருக்கும். புறத்தே உறுதி உடையதைப் புல் என்றும் அகத்தே உறுதி உடையதை மரம் என்றும் தொல்காப்பியர் பிரித்தார். இந்த அலமாரியை அவரிடம் காட்டினால் புல்லில் சேர்த்திருப்பார். ஆனால் பார்ட்டிகிள் போர்டைத் திட்ட நான் வரவில்லை. வாடகை வீட்டில் அடிக்கடி இடம் மாறும் இளம் தம்பதிக்கு அதன் விலை ஒரு உதவி. தண்ணீர் பட்டால் உப்பும், கழற்றி மாட்டினால் திருகாணி பிடிக்காது என்பதைச் சொல்லி விற்றால் அது நேர்மையான பொருள். ‘தேக்கு மாதிரியேதான் சார்’ என்று விற்றால் அதே பொருள் மோசடி. குற்றம் போர்டில் இல்லை, பெயரில் இருக்கிறது.

இந்தக் கடைக்காரர் பில்லில் எழுதுவதை நான் படித்துப் பார்த்திருக்கிறேன். ‘கட்டில் - 1’ என்று முடிக்கமாட்டார். கால் தேக்கு, சட்டம் வேங்கை, பலகை ரப்பர் மரம், அடி பிளைவுட் என்று பிரித்து எழுதுவார். கொடுக்கும் தேதியையும் ஆசாரி சொல்வதற்கு ஒரு வாரம் தள்ளியே சொல்வார். மேசை விற்கும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “ஐப்பசி, கார்த்திகையில டிராயர் கொஞ்சம் இறுகும். பயப்படாதிய, தையில சரியாயிரும்.” மரம் காற்றின் ஈரத்தை வாங்கி அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும், நீளவாக்கில் அந்த மாற்றம் மிகக் குறைவு. நன்றாகப் பதப்படுத்திய மரத்திலும் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். முன்னால் சொல்லிவிட்டால் மழைக்காலத்தில் சிக்கும் டிராயர் மரத்தின் குணம். சொல்லாவிட்டால் அதுவே கடையின் குற்றம்.

தொட்டுப் பார்க்க விடுவதும் ஒரு விளம்பர முடிவுதான். இன்று உலகமெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஐக்கியா, 1943இல் இங்வார் காம்பிராட் என்ற 17 வயதுப் பையன் சுவீடனின் ஒரு கிராமத்தில் தொடங்கிய சின்ன வியாபாரம். தபாலில் மரச்சாமான் விற்றபோது போட்டிக் கடையோடு விலையைக் குறைத்துக் குறைத்துத் தரமும் சரிந்தது; வாங்கியவர்கள் நம்பிக்கை இழக்கத் தொடங்கினார்கள். 1953இல் அவர் எல்ம்ஹுல்ட் என்ற சிற்றூரில் ஒரு காட்சிக்கூடம் திறந்து, மலிவானதையும் விலை கூடியதையும் அருகருகே வைத்தார். ஜனங்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிந்திய ஐக்கியாவின் கதை வேறு; அதில் எல்லாமே மெச்சத்தக்கது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர் சொல்லும் பொய்யில் வாங்கும் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம், அதனால் தள்ளுபடி என்பது ஒரு காலத்தில் நியாயமான ஏற்பாடு. இப்போது ‘பாதி விலை’ என்ற போர்டு இல்லாத கடைக்குள் நாமே கால் வைப்பதில்லை. இருபதாயிரம் ரூபாய் கட்டிலுக்கு நாற்பதாயிரம் என்று சீட்டு ஒட்டி அதை அடித்துக் காட்டினால்தான் நம் மனம் குளிர்கிறது. நிற்கும் விலையை முதலிலேயே சொல்பவரைக் ‘கறார்’ என்கிறோம். பொய் சொல்லக் கடைக்காரருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் உண்மையைத் தேடுகிறோம்.

சட்டம் இருக்கிறது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மக்களைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்ட ஒரு கேஜ் எண்ணுக்காக எந்தத் தகப்பனும் கல்யாண வேலையை விட்டுவிட்டு ஆணையத்துக்குப் போகப்போவதில்லை. அந்த இடத்தில் விற்பவரின் மனசாட்சியைத் தவிர வேறு காவல் இல்லை.

இப்படி நடப்பதில் நஷ்டம் இல்லாமல் இல்லை. நான் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு மாலையிலேயே இரண்டு பேர் பில் விவரத்தைக் கேட்டுவிட்டு எதிர்ச்சாரியில் தள்ளுபடி போர்டு தொங்கிய கடைக்குப் போனார்கள். அவர்கள் பின்னால் மனம் மாறித் திரும்பி வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. “போகட்டும், அவுகளுக்கு அது பிடிச்சிருக்கு” என்றார் கடைக்காரர். குரலில் வருத்தம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அடுத்த முறை போனபோது பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைப் பெயர், அதன் கீழே ‘கட்டில், பீரோ, நாற்காலி’. இன்னும் ஒரு முழத்துக்கு வெற்றிடம் இருந்தது. ஏணியில் நின்ற பெயின்டர், “இடம் கெடக்கே, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’னு போட்டுருவமா?” என்று கேட்டார்.

கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். “ஃபோன் நம்பரப் பெருசாப் போடும்” என்றார்.