பெற்றதும் கொடுத்ததும்

கற்ற கலையைத் தம்மோடு வைத்துக்கொள்வதினும் பிறர்க்குக் கற்பிப்பதே மேல் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இராது. ஆயினும், கற்பித்தலோடு ஒருவரது கடமை நிறைவுறுகிறதா? அக்கலையைத் தமக்குத் தந்தோரிடம் அவர் பட்ட கடன் என்னாகிறது? ருக்மிணி தேவி அருண்டேலின் வாழ்வை எண்ணும்போது இக்கேள்வி நம்முன் எழுகின்றது.

1904-இல் மதுரையில் பிறந்த அவர், பரதம் கற்பதற்கு முன்னரே மேலைநாட்டு பாலே நடனத்தைப் பயின்றார். 1920-களின் இறுதியில் உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆடலில் மனத்தைப் பறிகொடுத்ததன் பயன் அது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்கு ஆசிரியையானார். பாவ்லோவாவோ, தாய்நாட்டின் ஆடற்கலையைத் தேடிக் காணுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். தம்மைப் பின்பற்ற வந்தவரை அவருடைய மண்ணுக்கே திருப்பியனுப்பிய அச்செயலில் நல்லாசிரியரின் இலக்கணம் துலங்குகிறதன்றோ!

தேடியவர் அதனை எங்கே கண்டார்? சமூகம் முகந்திருப்பிக் கொண்ட இடத்தில் கண்டார். சதிர் என வழங்கிய அவ்வாடல், தேவதாசி மரபில் வந்த பெண்களிடமும், அவர்களைப் பயிற்றுவித்த நட்டுவனார்களிடமும் உயிரோடிருந்தது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் ஆடிவந்த கௌரி அம்மாளும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருக்குக் குருமார்களாயினர். உயர்குடிப் பெண் சதிர் ஆடுவதா என்ற எதிர்ப்பினிடையே, 1935 டிசம்பரில் அடையாற்றில் அவர் மேடையேறினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ரா தோன்றிற்று. தாம் ஆடிப் புகழ் பெற்ற காலத்தினும் பிறரை ஆடச் செய்த காலமே அவருக்கு நெடிது. 1986-இல் மறையும்வரை ஐம்பது ஆண்டுகள் அவர் ஆசிரியராய் வாழ்ந்தார். யாமினி கிருஷ்ணமூர்த்தி, தனஞ்செயன் போன்றோர் அங்குப் பயின்றவர்களே.

இவ்வளவும் போற்றற்குரியன. எனினும், மரபுவழிக் குடும்பத்தில் பிறந்த பாலசரசுவதியின் மறுப்பையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். அவரும் கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றவரே. சிருங்காரத்தைக் குறைத்துக் கலையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. சிருங்காரமே அக்கலையின் உயிர் என்றார். அவரது மறுப்பில் ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. ஒரு பொருளைத் தூய்மை செய்தேன் என்போர், அதைத் தம்மிடம் தந்த கைகள் அழுக்கானவை என்று சொல்லாமற் சொல்கின்றனர் அல்லவா?

சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. அதன் நோக்கம் நீதியானது, அதில் ஐயமில்லை. ஆனால் இழிவுக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் தம் பெண்மக்களை ஆடலிலிருந்தே விலக்கின. அவர்கள் இறங்கிய மேடையில் வேறு குடும்பத்துப் பெண்கள் மதிப்போடு ஏறினர். கௌரி அம்மாளைக் கலாக்ஷேத்ராவில் கற்பிக்கச் செய்தது ருக்மிணி தேவியின் நன்றியுணர்வுக்குச் சான்று. ஒருவர் செலுத்திய நன்றி மட்டும் ஒரு சமூகத்தின் கடனைத் தீர்த்துவிடுமோ?

சென்னையின் பழங்கதைதானே என நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் பள்ளி ஆண்டுவிழாக்களில் மலைவாழ் மக்கள் நடனம் என்ற பெயரில் ஒன்று அரங்கேறுவதுண்டு. தழையாடையும் இறகுத் தொப்பியும் அணிந்து குழந்தைகள் குதிக்கின்றனர். கல்வராயன் மலையின் மலையாளி மக்களில் எவரும் அவ்வாறு உடுத்துவதில்லை. அவர்களுக்கென உள்ள பாட்டும் ஆட்டமும் யாவை என வெள்ளிமலைக்கோ கரியாலூருக்கோ சென்று ஒரு மூதாட்டியிடம் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்? கேட்டுக் கற்றபின், அவரை ஆசிரியர் என அழைத்து அவையின் முன்வரிசையில் அமர்த்தும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு?

மலையில் பெய்யும் மழை கோமுகி அணையில் தேங்கி நம் வயல்களுக்குப் பாய்கிறது. அணை இல்லையேல் நீர் வீணாகும், ஆசிரியரும் அத்தகையவரே. ஆனால் அந்த நீர் அணையில் பிறந்ததன்று. அறிந்ததைப் பிறர்க்கு அளிப்பது கொடை. யாரிடம் பெற்றோம் என்பதைப் பெயர் சொல்லி அறிவிப்பதும், அவர்தம் மக்களுக்கும் அவையில் இடம் தருவதும் நீதி. நீதியின்றி நிகழும் கொடை, பிறர் பொருளை எடுத்து வழங்கியதாகவே முடியும்.