இஸ்பேட் ஆஸ்

1986 செப்டம்பர் 26, ராத்திரி. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கச்சேரியை முடித்துவிட்டு, டென்மார்க் நோக்கிப் பஸ்ஸில் கிளம்புகிறது ஓர் அமெரிக்க இசைக்குழு. பெயர் மெட்டாலிகா. பஸ்ஸுக்குள் நம்ம ஊர் ரயில் பெர்த் மாதிரி அடுக்குப் படுக்கைகள். எந்தப் படுக்கை யாருக்கு என்று சின்னதாக ஒரு தகராறு. 'சரி, சீட்டு எடுத்துப் பார்த்துடலாம்' என்று சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். குழுவில் பேஸ் கிடார் வாசிக்கும் க்ளிஃப் பர்ட்டன் உருவியது இஸ்பேட் ஆஸ். ஜெயித்தவர், கிடாரிஸ்ட் கிர்க் ஹாமெட்டின் படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை, யுங்பி என்ற ஊருக்குப் பக்கத்தில் பஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. தூக்கத்தில் ஜன்னல் வழியாக வெளியே வீசப்பட்ட பர்ட்டன், அதே பஸ்ஸுக்கு அடியில் சிக்கி இறந்துபோனார். வயது 24. ஹாமெட் பிழைத்துக்கொண்டார். சீட்டு எடுத்த கதையை உலகத்துக்குச் சொன்னவரே அவர்தான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஹாமெட் ஏதாவது தப்பு செய்தாரா? இல்லை. அவர் தோற்றார், அவ்வளவுதான். தோற்றதால் பிழைத்தார். பர்ட்டனுக்கு அவர் ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா? 'இல்லை' என்று சட்டென்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

'ஹெவி மெட்டலா? அந்தக் காட்டுக்கத்தலா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பர்ட்டன் கொஞ்சம் வேறு மாதிரி ஆள். 1962-ல் பிறந்து, கலிஃபோர்னியாவில் காஸ்ட்ரோ வேலி என்ற ஊரில் வளர்ந்தவர். 13 வயதில் அண்ணன் ஸ்காட் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். அதன் பிறகுதான் க்ளிஃப் பேஸ் கிடாரை முழுமூச்சாகப் பிடித்தார். அண்ணனுக்காகவே சிறந்த பேஸ் வாசிப்பாளன் ஆகப்போவதாகச் சொன்னான் என்று பெற்றோர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பாஃக் முதலான ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்டு, படித்து, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வரை சாதகம் செய்திருக்கிறார். புகழ் வந்த பிறகும் அதைக் குறைக்கவில்லையாம்.

அந்த வீட்டில் நடந்த ஒரு பேரத்தை, பி.காம். படித்தவன் என்ற முறையில் நான் மிகவும் ரசித்தேன். 'முழுநேரமும் சங்கீதம்தான்' என்று மகன் சொன்னபோது அப்பா-அம்மா கத்தவில்லை. 'நாலு வருஷம் வாடகையும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்குள் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் வேலை தேடிக்கொள்' என்றார்கள். மகனும் ஒப்புக்கொண்டார். முதலீடு, தவணை, கெடு எல்லாம் தெளிவாக இருக்கிற ஒப்பந்தம். நம் வீடுகளில் இது நடக்குமா? 'பாட்டு சோறு போடுமா?' என்பதோடு பேச்சுவார்த்தை முடிந்துவிடும்.

1982-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு கிளப்பில் 'ட்ராமா' என்ற குழுவோடு பர்ட்டன் வாசித்ததைப் பார்த்த மெட்டாலிகாக்காரர்கள் அசந்துபோனார்கள். 'எங்களோட வந்துடு' என்று அழைத்தார்கள். 'நான் வர மாட்டேன். நான் வேணும்னா நீங்க சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வாங்க' என்றார் இவர். அவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்! ஒரு பேஸ் வாசிப்பாளருக்காக ஒரு குழுவே ஊர் மாறியது.

பேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய இளையராஜா பாட்டு ஒன்றை நல்ல ஸ்பீக்கரில் போட்டு, குரலை விட்டுவிட்டு அடியில் 'தும் தும்' என்று தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகிறதே, அதைக் கேளுங்கள். அதுதான். பர்ட்டன் அதை அடித்தளத்திலிருந்து மாடிக்குக் கொண்டுவந்தார். 1983-ல் வந்த முதல் ஆல்பத்திலேயே, டிரம்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனி ஆவர்த்தனம் போல ஒரு பேஸ் வாசிப்பு. 1984 ஆல்பத்தில் 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' ஆரம்பத்தில் அலறுவது கிடார் என்றே பலர் நினைக்கிறார்கள். அதுவும் பேஸ்தான். 1986 மார்ச்சில் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தின் 'ஒரையன்' எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும், ஒரு வரி பாட்டுகூடக் கிடையாது. அவர் இறுதிச் சடங்கில் ஒலித்தது அதுதான். அடுத்து வந்த 1988 ஆல்பத்தில் புதிய பேஸ் வாசிப்பாளரின் வாசிப்பைக் காதில் விழாத அளவுக்கு அமுக்கிவிட்டார்கள். ரசிகர்கள் இன்றுவரை அதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

இந்தக் கதையை நான் ஏன் பழவேற்காட்டில் உட்கார்ந்து யோசித்தேன் என்று சொல்ல வேண்டும். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டி விரிகிற ஏரி அது. சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்பங்கழி. ஒரு குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பையன் மெட்டாலிகா பெயர் போட்ட கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தான். 'யார் தம்பி இவங்க?' என்றேன். 'தெரியாது சார். டிசைன் சூப்பரா இருந்துச்சு, வாங்கினேன்' என்றான். சீட்டு எடுத்த கதையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியவர் சிரிக்கவில்லை. 'எங்களுக்கு அதுதான் சார் பொழப்பு. நல்ல இடம் இன்னைக்கு யாருக்கு, நாளைக்கு யாருக்கு, எல்லாம் முறைதான்' என்றார்.

அவர் சொன்னது 'பாடு' முறை. (அந்த வார்த்தையைக் கவனியுங்கள். பாட்டுப் பாடு, 'அவன் பாடு திண்டாட்டம்', மீன் கிடைத்தால் 'நல்ல பாடு'. ஒரே வார்த்தைக்குள் சங்கீதம், கஷ்டம், சாப்பாடு மூன்றும் இருக்கிறது!) ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டத்தோடு இறால் வந்து போகிற இடம் தங்கம். தண்ணீருக்குள் பட்டா போட முடியாது. வேலி கட்ட முடியாது. பலசாலி முந்திக்கொண்டால் தினமும் மண்டை உடையும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி ஊர்களில் மீனவர்கள் இடத்தை முறை வைத்துச் சுற்றிவிடுகிறார்கள். இன்றைக்கு எனக்கு நல்ல இடம் கிடைத்தால் நாளைக்கு அது உனக்கு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு முறை உண்டு. அங்கே சீட்டே குலுக்குகிறார்கள்.

இதை நம் வீட்டுப் பெண்கள் வேறு பெயரில் நடத்துகிறார்கள். குலுக்கல் சீட்டு. இருபது பேர், மாசம் ஆயிரம் ரூபாய். முதல் மாசமே பெயர் விழுந்தவருக்கு இருபதாயிரம். அதிர்ஷ்டசாலிதான். ஆனால் மிச்சம் பத்தொன்பது மாசமும் அவர் பணம் கட்டியாக வேண்டும். 'எனக்குத்தான் விழுந்துடுச்சே' என்று நழுவினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

ஹாமெட்டின் சிக்கல் இங்கேதான் புரிகிறது. ஏரியில் அதிர்ஷ்டம் சுற்றி வரும். குலுக்கல் சீட்டில் கடைசி மாசம் எல்லார் கணக்கும் நேராகிவிடும். அந்த பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் சீட்டு எடுத்தார்கள். அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. கட்ட வேண்டிய தவணை இருப்பது போலத் தோன்றுகிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் நம் கடற்கரையிலும் இதுதான் நடந்தது. ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குப் படகுக்கு அடியில் அலை போனதே சரியாகத் தெரியவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டுப் போன குழந்தைகளைத் தண்ணீர் கொண்டுபோனது. திரும்பி வந்த அப்பாவிடம் போய், 'இதில் உன் தப்பு எதுவும் இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அவருக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1970-களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கவனமாக லாரி ஓட்டியும் குறுக்கே வந்த குழந்தை மேல் மோதிவிட்ட டிரைவரை யோசித்துப் பாருங்கள் என்கிறார். தப்பு அவர் மேல் இல்லை. ஆனால் 'தப்பு என்மேல் இல்லையே' என்று உடனே டீக்கடைக்குப் போய்விடுகிற டிரைவரை நாம் ஒரு மாதிரிதானே பார்ப்போம்? எனக்கு அந்த 'ஒரு மாதிரி' நியாயமாகவே படுகிறது. குற்றவாளி அல்லாதவருக்கும் துக்கத்தில் ஒரு கூடுதல் பங்கு உண்டு.

அந்த பஸ் டிரைவரையும் மறக்கக் கூடாது. ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருந்தது, அதில்தான் சறுக்கியது என்றார் அவர். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் நம்பவில்லை. அந்தக் குளிரில் ரோட்டில் முன்னும் பின்னும் நடந்து நடந்து பனியைத் தேடியிருக்கிறார். தென்படவில்லை. விசாரணை முடிவில் டிரைவர் மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை. நண்பனைப் பறிகொடுத்தவன் ரோட்டில் பனியைத் தேடி நடக்கிற அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பனி கிடைத்தால் விதி. கிடைக்காவிட்டால் ஒரு மனிதன். யாராவது ஒருவர் கணக்கில் எழுதினால்தான் மனசு ஆறும்.

ஆனால் 'எல்லாம் சீட்டு, எல்லாம் அதிர்ஷ்டம்' என்று கையைக் கழுவுகிறவர்களிடமும் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. சீட்டு நியாயமானதுதான், யாருக்கு? பெயர் எழுதிப் போட்டவர்களுக்கு. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலைச் சொல்கின்றன. குடத்தில் ஓலைகளைப் போட்டு, சூதுவாது தெரியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் ஓலையில் பெயர் வர வேண்டும் என்றால் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். குடத்துக்குள் சமத்துவம், குடத்துக்கு வெளியே ஊர்.

பாடும் அப்படித்தான். பட்டினவர் சமூகத்தில் தலைக்கட்டுக் கணக்கில் வருகிற ஆண்களுக்குத்தான் முறை. அதே ஏரியை நம்பியிருக்கிற தலித் மீனவர்களுக்கு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு இல்லை. 'எங்களுக்கும் பங்கு வேணும்' என்று கேட்டு மோதல்கள் நடந்திருக்கின்றன. பெரியவரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இருக்கிற இறாலே எங்களுக்குப் பத்தல சார். முகத்துவாரம் மண்ணு மூடிக்கிது' என்றார். அதுவும் பொய் இல்லை. ஏரி சுருங்கும்போது முறைக்குள் இருப்பவன் கதவை இன்னும் இறுக்கிச் சாத்துகிறான். காஸ்ட்ரோ வேலியில் அந்தப் பையனுக்கு நாலு வருஷம் வாடகையும் சாப்பாடும் கிடைத்தது. வலை பின்னுகிற இந்தப் பையனுக்கு அப்படி ஒரு நாலு வருஷத்தை யார் கொடுப்பார்கள்? இஸ்பேட் ஆஸ் அப்புறம், முதலில் சீட்டுக்கட்டு கைக்கு வர வேண்டுமே.

க்ளிஃபின் அப்பா ரே பர்ட்டன் 2020 ஜனவரியில், 94 வயதில் காலமானார். இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். 2009-ல் மெட்டாலிகாவுக்கு 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் கிடைத்தபோது மகன் சார்பில் மேடையேறியவர் அவர்தான். பஸ்ஸில் பிழைத்த மூன்று பேரோடும் கடைசிவரை சொந்தக்காரர் போலப் பழகினார், ஹாமெட் உட்பட. மகனுடைய பாட்டுகளுக்கு வருகிற ராயல்டி பணத்தை என்ன செய்கிறார் என்று ஒரு பேட்டியில் சொன்னார். க்ளிஃப் படித்த அதே காஸ்ட்ரோ வேலி பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.