‘நாம ஜெயிச்சிட்டோம்’ என்று சொல்ல யாருக்கு உரிமை?

ஆட்டம் முடிந்ததும் திடலுக்கு வெளியே நிற்பவர்கள் பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? வென்றால், “நாம ஜெயிச்சிட்டோம்!” தோற்றால், “அவனுங்க தோத்துட்டானுங்க.” பந்தைத் தொடாத, ஓர் அடிகூட ஓடாத மனிதர் வெற்றியில் மட்டும் ‘நாம்’ என்று சேர்ந்துகொள்கிறார். தோல்வி என்றால் அதே குழு ‘அவனுங்க’ ஆகிவிடுகிறது.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதற்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. நம்முடையது என்பதற்காகவே ஒன்றை விரும்புவது சரியா? சரி என்றால், அப்படி விரும்புகிறவருக்கு என்ன கடமை?

இதை யோசித்துப் பார்க்கப் பெரிய ஸ்டேடியம் தேவையில்லை. ஒரு கல்லூரி சாஃப்ட்பால் ஆட்டம் போதும். டிக்கெட் கிடையாது, டிவி கிடையாது. பார்க்க வருகிறவர்கள் நாற்பது ஐம்பது பேர்தான். பெரிய ஸ்டேடியத்தில் நாம் கத்துவது கூட்டத்தில் கரைந்துவிடும். இங்கே ஒருவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் ஆடுகிற பிள்ளையின் காதில் நேராகப் போய் விழும். ரசிகர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

பேருதான் சாஃப்ட்பால், பந்து ஒன்றும் சாஃப்ட் இல்லை. 12 அங்குலச் சுற்றளவுள்ள கனமான பந்து. கையைச் சுழற்றிக் கீழிருந்து எறிவார்கள். பெண்கள் ஆட்டத்தில் எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 43 அடிதான். அந்தத் தூரத்தைப் பந்து கடப்பதற்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த குழுவின் முறை. இப்படி ஏழு இன்னிங்ஸ்.

இந்த விளையாட்டு பிறந்த கதையே நம் கேள்விக்குப் பொருத்தமானது. 1887 நவம்பர் மாதம், அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு படகுச் சங்கத்தின் கட்டடத்தில் சிலர் கூடியிருந்தார்கள். யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் படித்த பழைய மாணவர்கள். இரண்டுக்கும் இடையே அன்று நடந்த அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தின் முடிவு தந்தியில் வரக் காத்திருந்தார்கள். யேல் வென்றது என்று செய்தி வந்தது. சந்தோஷத்தில் யேல் ரசிகர் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையை எடுத்து ஹார்வர்டு ரசிகர் மேல் வீசினார். அவர் கையிலிருந்த குச்சியால் அதைத் திருப்பி அடித்தார். அங்கே இருந்த ஜார்ஜ் ஹேன்காக் என்பவர் இதையே ஓர் ஆட்டமாக ஆடலாமே என்று கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சாஃப்ட்பால். அதாவது, இரண்டு கல்லூரி ரசிகர்களின் சீண்டலில் பிறந்த விளையாட்டு! அந்தச் சீண்டல் அடிதடியாகப் போயிருக்கலாம். ஆட்டமாக மாறியது. ரசிகர் கையில் எப்போதும் இந்த இரண்டு வழியும் இருக்கின்றன.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒரு பக்கம் சேர்ந்து கத்துவதே தவறு என்று சொல்பவர்கள் உண்டு. திருக்குறளில் நடுவுநிலைமைக்கு என்று தனி அதிகாரமே இருக்கிறது. கீதையோ செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் ஆசை வைக்காதே என்கிறது. ஆட்டக்காரருக்கு அது பொருந்தும். அவரிடம் செயல் இருக்கிறது. ரசிகரைப் பாருங்கள், நிலைமை தலைகீழ். அவருக்குத் திடலில் செயல் எதுவுமே இல்லை. பலனை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் ரசிகராக இருப்பதே வீண் பற்றா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அன்பு என்பது பக்கத்தில் இருப்பவரிடம்தான் தொடங்குகிறது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவு நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளையின் பரிசளிப்பு விழாவுக்குப் போகாத அப்பாவை நாம் ஞானி என்று சொல்வோமா? நம்ம ஊர்க் கல்லூரி, நம்ம தாமான் பிள்ளைகள் என்ற பாசம் இயல்பானது. அது குற்றமில்லை.

ரசிகருக்குச் செயல் இல்லை என்பதும் உண்மையில்லை. பினாங்கு காற்பந்து ரசிகர்களைக் கேளுங்கள். பினாங்கு மலேசியக் கிண்ணத்தை 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1974 இறுதியாட்டத்தில் பேராவை 2-1 என்று தோற்கடித்த கதையைத் தாத்தாமார்கள் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் நமக்கு வரவே இல்லை. ஐம்பது ஆண்டுகளாகியும் ரசிகர்கள் சிட்டி ஸ்டேடியத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. மழையில் நனைந்துகொண்டும் போகிறார்கள். பலன் இல்லை என்று தெரிந்தும் வருவது ஒரு செயல் இல்லையா? அவர்கள் யோகிகள் என்று சொல்ல வரவில்லை. கோல் விழாவிட்டால் அவர்களும் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு வருகிறார்கள். தோல்வியில் பங்கெடுத்த இவர்கள் ‘நாம்’ என்று சொன்னால் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஆக, பாசம் தவறில்லை. அந்தப் பாசம் நம் கண்ணை என்ன செய்கிறது என்பதில்தான் சிக்கல்.

1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு கல்லூரிகளுக்கு இடையே ஒரு முரட்டு ஆட்டம் நடந்தது. பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் உடைந்தது. பிறகு ஹேஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். யார் எத்தனை விதிமீறல் செய்தார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் குழு செய்த விதிமீறல்களைப் பிரின்ஸ்டன் மாணவர்கள் சராசரியாக 9.8 என்று எண்ணினார்கள். டார்ட்மத் மாணவர்கள் எண்ணியது 4.3. அதே படம், அதே ஆட்டம். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

பயப்பட வேண்டிய இடம் இதுதான். பொய் சொன்னால் மனசாவது குத்தும். கண்ணே கோணிவிட்டால் குத்துவதற்கு எதுவும் இருக்காது.

இந்த ஆராய்ச்சிக்கு வெகு காலம் முன்பே மகாபாரதம் இரண்டு பார்வையாளர்களை நம் முன்னால் உட்காரவைத்திருக்கிறது. ஒருவர் திருதராட்டிரர். கீதை தொடங்குவதே அவர் கேள்வியில்தான். அந்த ஒரே கேள்வியில் ‘என் பிள்ளைகள்’ என்றும் ‘பாண்டுவின் பிள்ளைகள்’ என்றும் பிரித்துவிடுகிறார். தம்பி பிள்ளைகளும் அவர் வளர்த்த பிள்ளைகள்தான். வியாசர் போரைப் பார்க்கக் கண் தருகிறேன் என்றபோது, சொந்தங்கள் சாவதைப் பார்க்க மாட்டேன், கேட்டால் போதும் என்றார். இன்னொருவர் சஞ்சயன். அவரும் அதே அரண்மனை ஆள்தான். கௌரவர்களின் உப்பைத் தின்றவர். ஆனால் அவர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். பீஷ்மர் சாய்ந்ததைச் சொன்னார். துரோணர் விழுந்ததைச் சொன்னார். கர்ணன் முடிந்ததைச் சொன்னார். இதற்கெல்லாம் காரணம் யார் என்பதையும் ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

இரண்டு பேரும் ஒரே பக்கம்தான். சஞ்சயன் கட்சி மாறவில்லை; யுத்தம் முடியும் வரை ராஜாவை விட்டுப் போகவும் இல்லை. நம் பக்கத்தில் இருந்துகொண்டே நியாயமாகப் பார்க்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி. நல்ல ரசிகர் சஞ்சயனைப் போல இருக்க வேண்டும்.

சரி, கல்லூரித் திடலில் அது எப்படி இருக்கும்?

சாஃப்ட்பால் ஸ்கோர் பலகையில் ஓட்டங்களோடு ‘எரர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பிடிக்க வேண்டிய பந்தை ஒருவர் விட்டால் அது தவறு என்று எண்ணிக் குறித்துவிடுவார்கள். தவறு செய்த பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே மீதி ஆட்டத்தை ஆட வேண்டும். கணக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதற்கு மேலே நாம் வெளியிலிருந்து ஏன் கத்த வேண்டும்?

நம் நாட்டுக் கல்லூரிக் குழு என்றால் மலாய்க்காரப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம்ம பிள்ளை எல்லாரும் கலந்திருப்பார்கள். நம்ம பிள்ளை பந்தை விட்டால், “பாவம், வெயில் கண்ணுல பட்டிருக்கும்” என்கிறோம். மற்றப் பிள்ளை விட்டால் அதே வாயில் வேறு பேச்சு வருகிறது. அப்போது நாம் அந்தக் கல்லூரியின் ரசிகரே இல்லை. ஒரே குழுவுக்குள்ளேயே ‘என் பிள்ளைகள்’, ‘பாண்டுவின் பிள்ளைகள்’ என்று கோடு போட்டுவிட்டோம். மற்றவர்கள் நம்மை அப்படிப் பார்த்தால் நமக்கு எவ்வளவு வலிக்கும் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் அதையே செய்யலாமா?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சாஃப்ட்பாலில் பெண் பிள்ளைகள் நிறைய பேர் ஆடுகிறார்கள். வேலியோரம் நிற்கும் சில அண்ணன்மார்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அவர்களின் உடையையும் உடம்பையும் பற்றிப் பேசுவார்கள். ‘சும்மா தமாஷ்’ என்பார்கள். அந்தத் தமாஷ் ஒரு தடவை அப்பா அம்மா காதில் விழுந்தால் போதும். அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் பேட் வீட்டு மூலைக்குப் போய்விடும். காலையில் எழுந்து ஓடிப் பழகிய உழைப்பெல்லாம் வீணாகும். பந்தைத் தொடாத ஒருவர் ஒரு பிள்ளையின் ஆட்டத்தையே முடித்துவைக்க முடியும் என்றால், ரசிகருக்குச் செயல் இல்லை என்று எப்படிச் சொல்வது? அருகில் நின்று கேட்டும் வாயைத் திறக்காதவருக்கும் அந்த வினையில் பங்கு உண்டு.

எதிர்க்குழுவை என்ன செய்வது? யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904-ஆம் ஆண்டு தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம் ஒன்று உண்டு. ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பேர். ஊரே இரண்டாகப் பிரிந்து மேளதாளத்தோடு வந்து நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கூட இதற்காக லீவு போட்டு வருகிறார்கள். நிஜமான போரைக் கண்ட மண் அது. போர்க்காலத்தில் ஆட்டமும் தடைபட்டது. இருந்தும் இன்று அங்கே ஓர் ஆட்டத்தைச் ‘சமர்’ என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. காரணம், ஆட்டம் முடிந்ததும் இரு பக்கமும் கை குலுக்கிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும். மத்திய கல்லூரி இல்லாவிட்டால் பரியோவான் யாரோடு ஆடும்? எதிர்க்குழு வராவிட்டால் நமக்கு ஆட்டமே இல்லை. அப்படியிருக்க, அந்தப் பக்கத்துப் பிள்ளை பாய்ந்து ஒரு கேட்ச் பிடித்தால் கை தட்டுவதற்கு நமக்கு என்ன தயக்கம்? நம் பக்கம் அதனால் குறைந்துவிடாது. கண் இன்னும் நேராக இருக்கிறது என்று நமக்கே தெரியும்.

‘நாம ஜெயிச்சிட்டோம்’ என்று சொல்ல ஆசைப்படுங்கள். நல்ல ஆசைதான். ஆனால் முதலில், “நாம தோத்துட்டோம்” என்று சொல்லப் பழகுங்கள். தோற்றுவிட்டு வரும் பிள்ளைகளிடம் போய், “பரவால்லம்மா, அடுத்த ஆட்டம் எப்போ?” என்று கேளுங்கள். வேலியோரம் அசிங்கமாகப் பேசுகிறவரை, “அண்ணே, வேணாம்” என்று தடுங்கள். அம்பயர் நமக்கு எதிராகச் சரியாகத் தீர்ப்புச் சொன்னால், அது சரி என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாக் மண்டினிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்து எத்தனையோ பிள்ளைகள் கல்லூரி, பாலிடெக்னிக், பல்கலைக்கழகம் என்று போய்ப் படிக்கிறார்கள். அதில் யார் யார் என்ன விளையாடுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்தில் ஆடும் காற்பந்துக் குழுவின் பதினொரு பேரையும் ஒப்பிக்கிறோம். நமக்காக அவர்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளை பேட்டோடு நிற்கும்போது வேலியோரம் தெரிந்த முகம் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்ப்பாள். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்த களைப்பு இருக்கும்தான். இருந்தாலும் இந்த வாரக் கூட்டத்திலேயே விசாரியுங்கள், அடுத்த ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று. நாலு பேராகச் சேர்ந்து போங்கள். ஏழு இன்னிங்ஸும் முடியும் வரை இருந்துவிட்டு வாருங்கள்.