வரிசை போனால் போகட்டும்!

நேற்று எஸ்டிபி என்று வந்த வெளி வட்டு இன்று எஸ்டிசி என்று வந்து நிற்கிறது. குடும்பப் படங்கள் இருக்க வேண்டிய கோப்புறையில் அலுவலகக் காப்புப் பிரதி உட்கார்ந்திருக்கிறது. உடனே உதட்டைப் பிதுக்குகிறீர்கள்: "லினக்ஸ் எல்லாம் நமக்குச் சரிப்படாது." யார் சொன்னது? ஒரு வட்டின் பெயர் மாறியதற்கு உங்கள் திறமையையா சந்தேகப்படுவது?

நடந்தது என்ன என்று பாருங்கள். யூஎஸ்பி, சாட்டா வட்டுகளுக்குக் கெர்னல் தான் கண்டுபிடித்த வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று எழுத்துப் போட்டுக்கொண்டே போகிறது. ரேஷன் கடை டோக்கன் மாதிரிதான். முந்தி வந்தவருக்கு முந்தைய எண், ஆள் யார் என்பது டோக்கனுக்குத் தெரியாது. ஒரு வட்டு சுழன்று எழக் கொஞ்சம் தாமதமானால் போதும், வரிசை கலைந்துவிடும். அது கலையாது என்று கெர்னல் யாருக்கும் வாக்குக் கொடுத்ததே இல்லை!

அந்த வரிசையைப் பூட்டிவைக்க வழி தேடித் தேடிச் சோர்ந்தது போதும். கேள்வியை மாற்றுங்கள். எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்காதீர்கள். நீ யார் என்று கேளுங்கள். பதில் வட்டிலேயே எழுதியிருக்கிறது.

டெர்மினலைத் திறங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் விருப்பத்தோடு அடியுங்கள். ஒவ்வொரு வட்டுப் பிரிவுக்கும் (பார்ட்டிஷன்) நேரே யூயூஐடி என்று ஒரு நீண்ட அடையாளம் தெரியும். இஎக்ஸ்டி4 என்றால் 32 இலக்கங்கள், நடுவே 4 கோடுகள். ஃபேட்32 பென்டிரைவ் என்றால் எட்டே இலக்கம். மிரளாதீர்கள், அதை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. நகலெடுத்து ஒட்டினால் போதும். எந்தப் போர்ட்டில் செருகினாலும் அது மாறாது. ஃபார்மட் செய்தாலோ நீங்களே மாற்றினாலோதான் மாறும்.

இனி ஈடிசி கோப்புறையிலுள்ள எஃப்எஸ்டேப், எந்த வட்டு எந்தக் கோப்புறையில் ஏற வேண்டும் என்று சொல்லும் கோப்பு. "அதைத் தொட்டால் கணினியே எழாது" என்று பயமுறுத்துவார்கள். நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு துணிந்து தொடுங்கள்! எஸ்டிபி1 என்றிருக்கும் இடத்தில் யூயூஐடியைப் போடுங்கள். கூடவே நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், வட்டைச் செருகாத நாளில் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்துப் பார்த்துவிட்டு உங்களை எமர்ஜென்சி மோடில் தள்ளும். பயமுறுத்துகிறவர்கள் பலர் விழுந்த பள்ளம் இதுதான். மறுதொடக்கத்துக்கு முன் மவுன்ட் கட்டளையை ஏ விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். பிழைகள் பலவும் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் யூயூஐடி தவறென்றால் நோஃபெயில் வாய் திறக்காது, அதனால் வட்டு ஏறியதா என்றும் பாருங்கள்.

எண்கள் பிடிக்கவில்லையா? லேபிள் வையுங்கள். இஎக்ஸ்டி4 லேபிளுக்கு 16 பைட் இடம் உண்டு. தமிழிலேயே வைக்க ஆசை வரும். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் போய்விடும் என்பதால் ஐந்து குறியோடு இடம் தீரும். சுருக்கமாக வையுங்கள், அவ்வளவுதான்.

முழு வட்டுக்கே நிலையான பெயர் வேண்டுமென்றால் டெவ் கோப்புறைக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி. வட்டின் தயாரிப்பு வரிசை எண்ணை (சீரியல் நம்பர்) வைத்து, சாதனப் பெயர்களைக் கவனிக்கும் யூடெவ் அங்கே பெயர்களை ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிறது. 2003இல் யூடெவை எழுதிய கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் போன்ற கெர்னல் ஆட்களுக்கே இந்தப் பெயர்க் குழப்பம் தலைவலியாக இருந்தது. உங்களுக்கு வந்ததில் என்ன வெட்கம்?

இரண்டு இடத்தில் மட்டும் கண் வையுங்கள். மலிவான வட்டுப் பெட்டிகள் சில ஒரே வரிசை எண்ணைச் சொல்லும். அங்கே யூயூஐடியையே நம்புங்கள். டிடி கட்டளையால் வட்டை அப்படியே நகலெடுத்தால் யூயூஐடியும் நகலாகிவிடும். இஎக்ஸ்டி4 என்றால் டியூன்2எஃப்எஸ் கொண்டு ஒன்றுக்குப் புதிதாகக் கொடுங்கள்.

இப்போது வட்டுகளைப் போர்ட் மாற்றிச் செருகி, வேண்டுமென்றே வரிசையைக் கலைத்து, கணினியை எழுப்புங்கள். படங்கள் படங்களின் இடத்தில் இருக்கும். வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி: பழைய காப்புப் பிரதி ஸ்கிரிப்ட்டுகளில் எஸ்டிபி எங்காவது ஒளிந்திருக்கும், டிடி கட்டளைக்குப் பக்கத்தில் என்றால் தவறான வட்டைக் கேட்காமலே அழித்துவிடும். கிரெப் போட்டுத் தேடி எடுங்கள், இன்றைக்கே!